கரகரத்த குரலுக்கு ஒரு கிரேக்கப் பெயர்

நாம் ‘தொண்டை கட்டிக்கொண்டது’ என்போம், ‘குரல் கம்மிவிட்டது’ என்போம். காது மூக்கு தொண்டை மருத்துவர் அதையே சீட்டில் ‘டிஸ்ஃபோனியா’ என்று எழுதுவார். புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் கோளாறு, சிரமம்; ‘ஃபோனே’ என்றால் குரல். குரல் சரியில்லை என்று நாம் சொன்னதைத்தான் அவர் கிரேக்கத்தில் திருப்பிச் சொல்கிறார். குரல் அடியோடு போய்விட்டால் ‘ஏஃபோனியா’. காரணம் என்ன என்பதை இரண்டு பெயருமே சொல்வதில்லை.

ஆனால் இந்த ‘ஃபோனே’ கொஞ்சம் கனமான சொல். அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலில் ஓசையையும் குரலையும் தனித்தனியாகப் பிரித்தார். உயிருள்ள ஒன்று ஏதோ ஒன்றை உணர்த்துவதற்காக எழுப்புவதுதான் ஃபோனே. இருமலும் தொண்டையிலிருந்துதான் வருகிறது. ஆனால் அவர் கணக்கில் அது குரல் இல்லை, வெறும் ஓசை.

கரகரப்பின் இயற்பியலும் ஏறக்குறைய இந்தப் பிரிவினைதான். குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்று பெயரிருந்தாலும் அவை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டப்பட்டவை அல்ல. பேச முனையும்போது அவை நெருங்கி மூடுகின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று கீழிருந்து முட்டி அவற்றைத் திறக்கிறது. காற்று பாய்ந்ததும், மடிப்புகளின் மீள்தன்மையும் இடையில் குறைகிற அழுத்தமும் சேர்ந்து திரும்ப மூடவைக்கின்றன. வயதுவந்த ஆண்களுக்கு இது நொடிக்குச் சுமார் 120 முறை நடக்கிறது, பெண்களுக்குச் சுமார் 200 முறை.

மடிப்பின் மேல்தோலுக்கு அடியில் கூழ் போன்ற மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதன் மேல் தோல் அலை அலையாக நகர்வதால்தான் குரல் தெளிவாக இருக்கிறது. சளி பிடித்து அந்த இடம் வீங்கினால் மடிப்பு கனத்து, மெதுவாக அதிரும். குரல் தடித்து இறங்கும். தினமும் உரக்கப் பேசும் ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும், மடிப்புகள் பலமாக மோதிக்கொள்ளும் இடத்தில் இருபுறமும் சிறு முடிச்சுகள் வரலாம். அப்புறம் மடிப்புகள் முழுதாக மூடாது. இடுக்கு வழியே காற்று கசிந்து இரைச்சல் எழும். அதாவது ஃபோனேக்குள் ஓசை புகுந்துவிட்டது! குரல் ஆய்வகங்களில் ஒழுங்கான அதிர்வுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை இன்று கருவி வைத்தே அளக்கிறார்கள்.

மடிப்புகள் நன்றாக இருந்தும் நரம்பு கெட்டால் குரல் போகும். இதைக் காட்டியவரும் கிரேக்கர்தான். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கேலன், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில், இருபுறமும் குரல்வளைக்குப் போகும் நரம்புகளை வெட்டினார். கத்தல் நின்றது, பன்றி உயிரோடிருந்தது. குரூரமான சோதனைதான், ஆனால் குரல் இதயத்திலிருந்து வருகிறது என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி. மனிதர்களில் இடப்பக்க நரம்பு நேரே குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரலில் கட்டி வந்தாலும் முதலில் குரல் மாறக்கூடும். தைராய்டு அறுவைக்குப் பின் சிலருக்குக் குரல் கம்முவதும் இந்த நரம்பு பாதிக்கப்படுவதால்தான்.

உயிருள்ள மனிதரின் மடிப்புகள் அசைவதைத் தெளிவாகப் பார்த்துப் பதிவு செய்தவர் மருத்துவர் அல்ல, மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு வாத்தியார். 1854-இல் இரண்டு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். இப்போது அந்த வேலையை மூக்கு வழியே இறங்கும் மெல்லிய கேமரா செய்கிறது.

சளியால் வரும் கரகரப்பு பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் போய்விடும். நான்கு வாரம் தாண்டினால் உள்ளே பார்த்துவிடுவதே சரி. புகைப்பவர்கள், கழுத்தில் கட்டி இருப்பவர்கள், சளியில் ரத்தம் காண்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. அதுவரை குசுகுசுவென்று பேசிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பலர் அப்படிப் பேசும்போது குரல்வளையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள். மெதுவாக, இயல்பான குரலில் குறைவாகப் பேசுவதே நல்லது.