சொல் விளக்கம்: 'டைம் பீரியட்' – காலவரை, காலக்கூறு, இயல்புக்காலம்

காலநிலைத் தரவுக் கோப்பு ஒன்றைத் திறந்தால், எண்கள் தொடங்கும் முன்பே அந்த எண்களைப் பற்றிய விவரம் இருக்கும்: எங்கே அளந்தது, எந்த அலகில், எந்தக் காலத்தில். தேயிலை மூட்டையின் மேல் தோட்டத்தின் பெயரும், பீஓபியா பீஓபிஎஃப்பா என்ற தரமும், நிறையும், இன்வொய்ஸ் இலக்கமும் இருப்பதைப் போல. இதற்குப் பெயர் மெட்டாடேட்டா. தமிழில் மீதரவு என்கிறோம். கிரேக்க 'மெட்டா'வும் நம்முடைய 'மீ'யும் ஒலியில் நெருங்கி நிற்பது தற்செயல்தான். மீ என்றால் மேல் என்பதால் சொல் நன்றாகவே பொருந்திவிட்டது.

அந்த விவரத்தில் அதிகம் குழப்புவது 'டைம் பீரியட்' என்ற வரி. பீரியட் என்றதும் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடவேளை ஞாபகம் வரும். திணைக்களக் கடிதங்களில் அது காலப்பகுதி. இரண்டும் சரிதான். ஆனால் காலநிலைத் தரவில் இந்த ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. மூன்றுக்கும் காலப்பகுதி என்றே போட்டுவிட்டால், அட்டவணையை வாசிப்பவர் எது எதைக் குறிக்கிறது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சொல்லின் வேரிலேயே குழப்பத்துக்கான காரணம் கிடக்கிறது. கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றி, 'ஹொடொஸ்' என்றால் வழி. பெரியொடொஸ் என்பது சுற்றி வரும் வழி, ஒரு சுற்று. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நீட்சி' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப வருவதும் பீரியட், ஒரேயடியாக நீண்டு கிடப்பதும் பீரியட். நம் அகப்பொருள் இலக்கணம் சொல்லும் பெரும்பொழுதும் சிறுபொழுதும் முதல் வகை. கார்காலம் என்றால் எந்த வருடத்துக் கார் என்று யாரும் கேட்பதில்லை. தரவு எழுதும்போது அதைக் கேட்டே ஆகவேண்டும்.

முதலில், முழுப் பதிவும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பது. ஆங்கிலத்தில் டெம்பரல் கவரேஜ். இதற்குக் காலவரை போதும். புதிதாக உருவாக்கத் தேவையில்லை. 'காலவரையற்ற பணிப்பகிஷ்கரிப்பு' என்று மலையகத்தில் எத்தனையோ முறை வாசித்த சொல்தான். (வரை என்றால் மலை என்றும் பொருள் உண்டு என்பது நமக்கு உபரி.) ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறைப்படி இதை 1991-01-01/2020-12-31 என்று எழுதுவார்கள். நடுவில் உள்ள சாய்கோடு 'முதல், வரை' இரண்டுக்கும் சேர்த்து நிற்கிறது. பதிவு இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தால் சாய்கோட்டுக்குப் பின் இரண்டு புள்ளிகள்: 1991-01-01/.. காலவரையற்றது என்பதற்கு அதுதான் குறி. 'இன்று வரை' என்று எழுதி வைப்பது வீண். அதை வாசிப்பவருடைய இன்று வேறு.

நெல் விதைப்பவர்கள் பெரும்போகத்தை 2023/24 என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதருக்கு அது தெளிவு. கணினிக்கு அந்த 24 ஆண்டா, மாதமா, நாளா என்று தெரியாது. இன்னொன்று, 'டிசம்பர் 31 வரை' என்றால் 31 சேருமா சேராதா என்ற பழைய சண்டை. தமிழில் அதற்குத் தீர்வு கையிலேயே இருக்கிறது: '31 முடிய' என்று எழுதினால் 31ஆம் திகதியும் உள்ளே.

இரண்டாவது, ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு நேரத்துக்கு உரியது என்பது. இதைக் காலக்கூறு என்று சொல்லலாம். தோட்டத்து மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் மழைநாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது, சர்வதேச நேரப்படி 3 மணி. ஏப்ரலில், அதாவது முதலாம் இடைப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், பகல் முழுக்க வெயில் அடித்துவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். 4ஆம் திகதி பின்னேரம் பெய்த அந்த மழை, 5ஆம் திகதி காலையில்தான் அளவுச்சாடியில் ஊற்றி அளக்கப்படும். பதிவேட்டில் அது எந்தத் திகதிக்கு நேரே ஏறும்? ஒரு தோட்டத்தில் அளந்த நாளுக்கு, பக்கத்துத் தோட்டத்தில் பெய்த நாளுக்கு என்றிருந்தால், ஒரே மழை இரண்டு நாள் மழையாகிவிடும். செயற்கைக்கோள் தரவு பெரும்பாலும் சர்வதேச நேரத்து நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கணக்கிடுகிறது. அது நமக்கு அதிகாலை 5.30. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 'செயற்கைக்கோள் பிழை' என்று முடிவு கட்டுவதற்கு முன், காலக்கூறைப் பார்க்கவேண்டும்.

அதனால்தான் காலநிலைக் கோப்புகளுக்கான சீஎஃப் மரபு, ஒரு மதிப்புக்கு ஒரு திகதி மட்டும் போதாது, தொடக்க எல்லையும் முடிவு எல்லையும் கொடு என்கிறது. அந்த எல்லைகளுக்குள் கூட்டினோமா, சராசரி எடுத்தோமா, உச்சத்தைப் பிடித்தோமா என்பதையும் தனியாகச் சொல்லச் சொல்கிறது. மழைக்குக் கூட்டுத்தொகை, வெப்பநிலைக்குச் சராசரி.

நேர வலயத்தையும் இங்கேதான் எழுதவேண்டும். இலங்கைக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய +05:30க்கு, அதாவது சர்வதேச நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கும் நேரத்துக்குத் திரும்பினோம். 'பழைய நேரமா, புது நேரமா' என்று வீட்டில் கேட்டுக்கொண்ட அந்தப் பத்து வருடத்துத் தரவில் வெறும் '8.30' என்று இருந்தால், அது எந்த 8.30?

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். 'சராசரியாக இந்த மாதத்தில் இவ்வளவு மழை' என்று சொல்ல, 30 ஆண்டுத் தரவை எடுப்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம். இப்போது நடைமுறையில் உள்ளது 1991–2020. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று 2015இல் முடிவானது. நீண்டகால ஒப்பீட்டுக்கு 1961–1990 தனியே வைக்கப்பட்டிருக்கிறது. இதை இயல்புக்காலம் என்று அழைப்பேன். 'அடிப்படைக் காலம்' என்றும் எழுதுகிறார்கள். அதை நான் புவி வெப்பமடைதலுக்கு ஒப்பிடும் 1850–1900 போன்றவற்றுக்கு ஒதுக்கி வைப்பேன்.

இங்கே கிரேக்கத்துச் 'சுற்று' திரும்பி வருகிறது. மலையகத்தின் மேற்குச் சரிவில், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் பெரிய மழை தென்மேல் பருவப்பெயர்ச்சியில், மே முதல் செப்டெம்பர் முடிய. அது ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிடும். மலையின் மறுபக்கம், ஊவா மாகாணத்துப் பதுளைக்கு முக்கியமானவை ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும் டிசம்பர் முதல் பெப்ரவரி முடிய வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியும். அந்த மழை புத்தாண்டைத் தாண்டிப் போகும். ஜனவரி முதல் டிசம்பர் முடிய என்று ஆண்டுத்தொகை போட்டால், ஊவாவின் ஒரே மழைக்காலம் இரண்டு ஆண்டுகளாக வெட்டுப்படுகிறது. மேற்குச் சரிவுக்கு ஏற்ற கணக்கை ஊவாவுக்கும் போட்டுவிட்டு 'இந்த ஆண்டு வறட்சி' என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, முப்பது வடகீழ்ப் பருவங்களின் சராசரியை எப்படிக் குறிப்பது? சீஎஃப் மரபில் தொடக்க எல்லை 1990-12-01, முடிவு எல்லை 2020-03-01. இதை மட்டும் பார்த்தால் இருபத்தொன்பது வருடமும் மூன்று மாதமும் இடைவிடாமல் ஓடிய நீட்சி போலத்தான் தெரியும். நடுவில் உள்ள மார்ச் முதல் நவம்பர் முடிய உள்ள மாதங்கள் கணக்கில் இல்லை என்பது இந்த இரு திகதிகளில் எங்கும் இல்லை. அதற்காகவே அந்த மரபில் சாதாரண எல்லைக்கு ஒரு பெயரும், காலநிலைச் சராசரியின் எல்லைக்கு வேறொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கூடவே 'ஆண்டுக்குள் கூட்டுத்தொகை, பின் ஆண்டுகள்தோறும் சராசரி' என்று இரண்டு படியாக எழுதவும் வேண்டும்.

தமிழ் அட்டவணையில் 'காலப்பகுதி: 1990–2020' என்று விடாமல், தலைப்பை இப்படி வைக்கலாம்: வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை, பதுளை. காலக்கூறு: டிசம்பர் 1 முதல் பெப்ரவரி முடிய, கூட்டுத்தொகை. இயல்புக்காலம்: 1990 டிசம்பர் முதல் 2020 பெப்ரவரி முடிய, 30 பருவங்கள், சராசரி. மழைநாள்: காலை 8.30, +05:30. வரி கொஞ்சம் நீளம்தான். அச்சில் இடம் போதாவிட்டால் அட்டவணையின் அடியில் போடுங்கள், வெட்டிவிடாதீர்கள்.