நேற்றைய பங்குக் கணக்கு எங்கே போனது?

"அண்ணே, நேத்து சரியா வந்த கணக்கு இன்னைக்குத் தப்பா வருது. எதை மாத்துனேன்னே ஞாபகம் இல்ல."

கடலூர் முதுநகரில் பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்போடு வந்து நின்றான். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிக்கும் சின்ன பைத்தான் நிரல் அது. பழைய வரி மேலேயே புதிதை எழுதிச் சேமித்திருந்தான்.

அன்றே கிட் சொல்லிக்கொடுத்தேன்; கோப்பில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைப்பது அதன் வேலை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழுவினர் பயன்படுத்திய, இதே வேலை செய்யும் பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் நின்றுபோனதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது.

கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் 'கிட் இனிட்' என்று ஒருமுறை அடித்தால் போதும். உள்ளே ஒரு மறைவு ஃபோல்டர் உருவாகும். வரலாறு முழுவதும் அதில்தான். பிறகு 'கிட் ஆட்', அதன்பின் 'கிட் கமிட்'. ஏன் இரண்டு வேலை என்று எல்லோருமே கேட்பார்கள். எந்த மீன் போகவேண்டும் என்று பொறுக்கிப் பெட்டியில் வைப்பது ஆட். பெட்டியை மூடிச் சீட்டு ஒட்டுவது கமிட். பாதியில் நிற்கும் வேலையை வெளியே விட்டுவிட்டு, முடிந்ததை மட்டும் பதிய இது உதவும்.

எனக்குப் பிடித்த இடம் அந்தச் சீட்டுதான். கோப்பின் உள்ளடக்கத்தை ஷா-1 என்ற கணக்கில் போட்டு, எண்ணும் எழுத்தும் கலந்த 40 இலக்க அடையாளம் ஒன்றை கிட் எடுக்கிறது. ஒரு கமா மாறினாலும் அடையாளம் அடியோடு வேறாகிவிடும். மாறாத கோப்புக்கு அதே அடையாளம்தான் வரும் என்பதால் அதை மறுபடி சேமிப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டின் அடையாளத்தையும் சேர்த்தே தன் அடையாளத்தைப் பெறுகிறது. நடுவில் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின் வரும் அத்தனை அடையாளமும் மாறும். யாருக்கும் தெரியாமல் பழைய கணக்கில் கைவைக்க முடியாது.

அடுத்த வாரம் மறுபடி கணக்கு பிசகியது. இந்த முறை அவனே 'கிட் டிஃப்' அடித்தான். சிவப்பில் பழைய வரி, பச்சையில் புதிய வரி. ஐஸ் செலவைப் பங்கு பிரித்த பிறகு, ஆட்கள் பங்கில் மட்டும் கழித்திருந்தான். 'கிட் ரிஸ்டோர்' என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தான்; பழைய வரி திரும்பி வந்தது.

"அப்போ அந்தப் பச்சை வரி?"

"அது போச்சுப்பா. கமிட் பண்ணாததை கிட் திருப்பித் தராது."

2011 டிசம்பரில் தானே புயல் கரையேறிய ஊர் இது. லேப்டாப் நனைந்தால் அந்த மறைவு ஃபோல்டரும் சேர்ந்தே போகும். அதனால் அன்று மாலையே ஒரு பென் டிரைவில் அதே வரலாற்றை வைக்க இன்னொரு களஞ்சியம் அமைத்து, கமிட்களை அங்கே அனுப்பும் 'கிட் புஷ்' பழக்கினேன்.