தக்காளிக்கு மூன்று கால்

போன ஜூன் மாதம் ஒரே ராத்திரியில் எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் நின்ற 11 தக்காளிச் செடிகளும் படுத்துவிட்டன. இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மழையோடுதான் வரும். காலையில் போய்ப் பார்த்தால் ஊன்றிய குச்சி ஒன்றுகூட முறியவில்லை. எல்லாம் வேரோடு பிடுங்கியதுபோல் சாய்ந்து கிடந்தன. "தடிச்ச கம்பா ஊன்றியிருக்கலாமே" என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். அவர் சொன்னதில் பாதிதான் சரி.

2 சென்டிமீட்டர் கம்புக்குப் பதில் அதே மரத்தில் 3 சென்டிமீட்டர் கம்பை எடுத்தால், வளையாமல் நிற்கும் திறன் சுமார் 5 மடங்காகும். ஆனால் என் குச்சிகள் வளைந்து தோற்கவில்லையே, தோற்றது மண். 5 அடிக் கம்பில் 1 அடி மண்ணுக்குள்ளும் 4 அடி வெளியிலும் இருக்கிறது. கல்லைப் புரட்ட அலவாங்கின் (கடப்பாரையின்) நீண்ட பக்கத்தைப் பிடிப்போமே, அதே கணக்கு. இங்கே அலவாங்கைப் பிடித்திருப்பது காற்று. அதன் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை 4 மடங்காகும். ஊறிய மண்ணுக்கோ பிடிப்பே இல்லை.

சரி, தக்காளியைத் தரையிலேயே படரவிட்டால் என்ன? அதன் காட்டு உறவுகள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம் அப்படித்தான் கிடக்கின்றன. தக்காளிக்குப் போஞ்சிபோல் சுற்றி ஏறத் தெரியாது, பாகல்போல் பற்றிக்கொள்ளச் சுருளும் கிடையாது. ஆனால் நம் குளிரில் தரையில் கிடக்கும் இலை காயாது. உருளைக்கிழங்கைக் கருக்கும் அதே நோய் இதையும் கருக்கிவிடும். ஆகவே தூக்கி நிறுத்தத்தான் வேண்டும்.

இந்த முறை செடிக்கு மூன்று மூங்கில்களை அகல ஊன்றி, உச்சியில் சேர்த்துக் கட்டினேன். நான்கு குச்சிகளை முனையில் ஆணியடித்துச் சதுரமாக்கி ஓரத்தில் தள்ளிப் பாருங்கள், ஆணியே கீல்போலாகிச் சதுரம் சரிந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் சரியாது. ஏதாவது ஒரு குச்சி நீளவோ குறுகவோ செய்தால்தான் அதன் வடிவம் மாறும். மூங்கிலை வளைப்பது சுலபம், நீளவாக்கில் இழுத்தோ அமுக்கியோ அளவை மாற்றுவது லேசில் நடக்காது. முக்காலியில் காற்றின் தள்ளு பெரும்பாலும் அப்படி இழுப்பாகவும் அமுக்கமாகவும்தான் கால்களுக்குள் இறங்குகிறது. காற்று வரும் பக்கத்துக் கால் மேலே பிடுங்கப்படும், எதிர்ப்பக்கத்துக் கால் மண்ணுக்குள் அமுங்கும். அதனால் காற்று வரும் பக்கம் இரண்டு கால்களை வைத்து, அவற்றை ஒன்றரை அடிக்கு இறக்கினேன்.

மூங்கில் உள்ளே வெறும் ஓட்டைதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்பு வளையும்போது அதிகம் வேலை செய்வது வெளிப்பக்கம், நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கும். 4 சென்டிமீட்டர் மூங்கிலில் 3 சென்டிமீட்டர் ஓட்டை இருந்தால், அதே பருமனுள்ள திடக்கம்பில் பாதிக்கும் குறைந்த பொருள்தான் அதில் உண்டு. விறைப்போ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். ஓட்டை நசுங்காமல் கணு பார்த்துக்கொள்ளும். பச்சை மூங்கிலை மட்டும் கட்ட வேண்டாம், காய்ந்து சுருங்கியதும் கட்டு தளர்ந்துவிடும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சியான மிலாறு இதற்கு நீளம் போதாது. அடுப்புக்குத்தான் சரி.

அப்புறம் செடியைக் கட்டுவது. கம்பி தண்டை அறுக்கும். நான் பழைய சேலையை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, கம்புக்கும் தண்டுக்கும் நடுவில் குறுக்கே போகும்படி 8 போலச் சுற்றினேன். தண்டுப் பக்கம் ஒரு விரல் நுழைய இடம் விட்டேன். கொஞ்சம் ஆடும் செடி தண்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அசையவிடாமல் இறுக்கினால் நெடுநெடுவென வளர்ந்து மெலிந்துபோகும். ஆடக் கூடாதது முக்காலிதான். தண்டு பெருவிரல் பருமனாவதற்குள் அந்தச் சேலைத்துண்டை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.