பேட்ரன் செயின்ட்: தமிழில் என்ன சொல்வது?

ஏப்ரல் பிறந்தால் இங்கிலாந்தில் ஒரு பஞ்சாயத்து தவறாமல் கூடிவிடும். 23ஆம் தேதி புனித ஜார்ஜ் நாள். அயர்லாந்துக்காரர்கள் மார்ச் 17 அன்று பாட்ரிக் நாளுக்கு ஊரையே பச்சையாக்குகிறார்கள், நாம் மட்டும் நம்முடைய நாளில் வாய்மூடி வேலைக்குப் போகிறோமே, ஒரு விடுமுறையாவது விடக்கூடாதா என்று ஒரு தரப்பு கேட்கும். இங்கிலாந்து மண்ணை மிதித்தே இராத ஒருவருக்கு எதற்கய்யா விழா என்று இன்னொரு தரப்பு. ஜார்ஜை அவர்கள் 'பேட்ரன் செயின்ட்' என்பார்கள். இந்தச் செய்தி தமிழுக்கு வரும்போது இன்னும் வேடிக்கை. 'இங்கிலாந்தின் காவல் தெய்வம்' என்று ஒரு இடத்தில் படித்தேன், 'தேசியத் துறவி' என்று இன்னொரு இடத்தில். ஜார்ஜ் தெய்வமும் இல்லை, துறவியும் இல்லை. மரபு சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர் ஒரு ரோமப் படைவீரர். 303ஆம் ஆண்டுவாக்கில், தியோக்ளேசியன் பேரரசன் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில் கொல்லப்பட்டவர். கல்லறை இன்றைய இஸ்ரேலில் உள்ள லோத் நகரில் இருக்கிறது. டிராகனைக் குத்தும் கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, 'பேட்ரன்' என்ற சொல்லுக்கு வருவோம். மூலம் லத்தீன் 'பாத்ரோனுஸ்', அதற்கும் மூலம் 'பாத்தெர்', அதாவது தந்தை. ரோமில் ஒருவன் தன் அடிமையை விடுதலை செய்தால் அதோடு உறவு அறுந்துவிடாது. பழைய எஜமான் அவனுக்குப் பாத்ரோனுஸ் ஆகிவிடுவான், வழக்கு வந்தால் மன்றத்தில் அவனுக்காகப் பேசுவான், அவனும் பதிலுக்கு இவனுக்குக் கடமைப்பட்டவன். தனக்காக மேலிடத்தில் பேச ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்ற தெம்புதான் அந்தச் சொல்லுக்குள் இருப்பது. கிறிஸ்தவர்கள் அதை அப்படியே விண்ணுலகத்துக்கு எடுத்துப் போனார்கள்: இறைவனிடம் நமக்காகப் பரிந்து பேசும் புனிதர். ஆகவே வேண்டுதல் புனிதர் வழியாகப் போகிறது, அருள்வது இறைவன்தான். காவல் தெய்வம் என்று எழுதினால் இந்த ஏற்பாடே குலைந்துபோகிறது. அய்யனாரும் கருப்பசாமியும் தாங்களே காக்கிறவர்கள், யாரிடமும் சிபாரிசுக்குப் போகிறவர்கள் இல்லை.

அதே சொல் ஐரோப்பா முழுக்க அலைந்து என்னென்னவோ ஆகியிருக்கிறது. பிரெஞ்சில் முதலாளி. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கலைஞருக்குக் காசு கொடுப்பவர், இன்னொரு பக்கம் கடைக்கு வரும் வாடிக்கையாளர். டிசைனுக்குச் சொல்கிறோமே 'பேட்டர்ன்', அதுவும் இந்த 'பேட்ரன்' வாய்ப்பேச்சில் திரிந்ததுதான். பார்த்துச் செய்ய வேண்டிய முன்மாதிரி என்ற பொருளில் போய்ப் பிறகு தனிச் சொல்லாகிவிட்டது. அயர்லாந்தில் இன்னும் சுவாரசியம். அங்கே ஒவ்வொரு பங்குக்கும் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரம்) உரிய புனிதரின் விழாவுக்கே 'பேட்டர்ன்' என்று பெயர். புனிதக் கிணறு ஒன்று இருக்கும், அதைச் செபம் சொல்லிக்கொண்டே இத்தனை முறை என்று எண்ணிச் சுற்றி வருவார்கள், எண்ணிக்கை தவறாமல் இருக்கக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதும் உண்டு. சுற்று முடிந்ததும் கடைகள், பாட்டு, ஆட்டம், குடி, குடித்த பின் கைகலப்பு. பொறுக்க முடியாமல் பாதிரிமார்களே பல ஊர்களில் இதை நிறுத்தினார்கள். பிரகாரம் சுற்றுவதும் திருவிழாக் கடையும் ராத்திரி அடிதடியும் தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதற்குச் சொல் தேடி யாரிடமும் போகவில்லை. திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள், 'பங்கின் பாதுகாவலராம் புனித செபஸ்தியார் திருவிழா' என்று இருக்கும், கீழே கொடியேற்றம் எப்போது, நவநாள் எப்போது, தேர்ப்பவனி எப்போது என்று வரிசையாக. பேட்ரன் செயின்ட் என்பதற்குத் தமிழ் 'பாதுகாவலர்'. அவ்வளவுதான். தேவைப்பட்டால் 'பாதுகாவலரான புனிதர்' என்று விரித்துக்கொள்ளலாம். வெறும் 'காவல்' என்பதை அவர்கள் வானதூதருக்கு வைத்துக்கொண்டார்கள்: அந்தக் காலத்தில் காவல் சம்மனசு, இப்போது காவல் தூதர். ஆளுக்கு ஒரு காவல் தூதர், ஊருக்கு ஒரு பாதுகாவலர் என்று கணக்குச் சுத்தமாக இருக்கிறது.

'புரவலர்' என்று போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வேரைப் பார்த்தால் அதுதான் இன்னும் பொருத்தம், புரத்தல் என்றால் காத்தல். ஆனால் சங்க காலத்திலேயே அந்தச் சொல் இரவலருக்கு ஜோடியாகிவிட்டது. புறநானூறு 162இல் பெருஞ்சித்திரனார், தன்னை மதிக்காத இளவெளிமானின் காவல் மரத்தில், தான் பரிசாகப் பெற்ற யானையைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, இரவலரைப் புரப்பவன் நீ இல்லை, ஆனால் இரவலர்களுக்குப் புரவலர் இல்லாமலும் போகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறார். (என்ன ஒரு திமிர்!) இன்றைக்கும் புரவலர் என்றால் இலக்கிய அமைப்புக்கு நன்கொடை தருபவர்தான் நினைவுக்கு வருகிறார். புனித ஜார்ஜை இங்கிலாந்தின் புரவலர் என்று எழுதினால் அவர் ஏதோ ஸ்பான்சர் செய்ததாகத்தான் படும்.

'செயின்ட்' பக்கமும் ஒரு வரலாறு உண்டு. புனிதர் என்பது இப்போது நிலைத்துவிட்டது. அதற்கு முன் 'அர்ச்சியசிஷ்டர்' என்ற வாயில் நுழையாத வடசொல் இருந்தது, பழைய செபப் புத்தகங்களில் 'அர்ச்.' என்று சுருக்கிப் போட்டிருப்பார்கள். அதற்கும் பக்கத்தில் போர்ச்சுகீசியர் விட்டுப்போன 'சாந்' இருக்கிறது. சாந்தோம் என்றாலே புனித தோமா. சந்தியாகு என்றால் புனித யாகு, அதாவது யாக்கோபு, ஸ்பெயினின் பாதுகாவலர். ஆக 'புனித சந்தியாகப்பர்' என்று சொல்லும்போது இரண்டு முறை புனிதர் என்று சொல்லிவிடுகிறோம், நடுசென்டர் மாதிரி. இருக்கட்டும், யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம்.

'பேட்ரன் செயின்ட்ஸ் டே' என்பதில் மூன்றாவது பகுதி 'நாள்'. பெரும்பாலும் இது புனிதர் இறந்த நாள். விண்ணகத்தில் பிறந்த நாள் என்று திருச்சபை எண்ணுகிறது. நாயன்மார்கள் இறைவனடி சேர்ந்த நட்சத்திரத்தில் குருபூசை நடத்துகிறோமே, அதே கணக்கு. இதிலும் தரம் உண்டு: நினைவு, விழா, பெருவிழா. உலகத் திருச்சபையின் நாட்காட்டியில் ஜார்ஜுக்குக் கிடைத்திருப்பது விருப்ப நினைவு மட்டும், இங்கிலாந்தில் பெருவிழா. அந்தப் பெருவிழாவும் உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டர்) ஒட்டி வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 2011இல் அது மே 2ஆம் தேதிக்குப் போனது, 2025இல் ஏப்ரல் 28க்கு. தேசியப் பெருமிதம் பேசுகிறவர்கள் 23ஆம் தேதி கொடி ஏற்றியிருப்பார்கள், கோவிலில் பூசை சில நாள் கழித்து ஒரு திங்கள்கிழமை!

இந்தப் பஞ்சாயத்தின் முடிச்சு எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. பாதுகாவலர் என்பது ஊர்ச் சொல். ஒரு ஊருக்கு அவர் எப்படி வந்தார் என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும், தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று தெரியும், திருவிழா வரி யார் கொடுக்கவில்லை என்று அதைவிட நன்றாகத் தெரியும். நாடு அப்படிப்பட்ட ஊர் இல்லை. நாட்டுக்குப் பாதுகாவலரை வைத்தது பெரும்பாலும் அரசர்கள்தான், அதுவும் போருக்கு. இங்கிலாந்துக்குச் சொந்த மண்ணிலேயே எட்மண்ட் இருந்தார், 869இல் வைக்கிங்குகளிடம் உயிரை விட்ட கிழக்கு ஆங்கிலியாவின் அரசர். எட்வர்ட் கன்ஃபெஸர் என்ற இன்னொரு புனித அரசரும் இருந்தார். பின்னால் வந்த அரசர் மூன்றாம் எட்வர்டுக்கு அவர்கள் போதவில்லை, குதிரையும் ஈட்டியுமாக ஒரு வீரர் வேண்டியிருந்தது. 1348வாக்கில் தொடங்கிய கார்ட்டர் வீரர் குழுவுக்கு ஜார்ஜைப் பாதுகாவலராக்கினார். 1415இல் அஜின்கோர்ட் போரில் பிரான்சை வென்ற கையோடு ஜார்ஜ் நாளைக் கிறிஸ்துமஸுக்குச் சமமாக உயர்த்தினார்கள். அந்த மோகத்தின் வால் நம் சென்னை வரைக்கும் நீண்டிருக்கிறது: கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டையின் முதல் பகுதி ஏப்ரல் 23 அன்று முடிந்ததால்தான் அதற்குப் புனித ஜார்ஜ் கோட்டை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நம் சட்டமன்றம் இன்றும் இங்கிலாந்தின் பாதுகாவலர் பெயரில்தான் கூடுகிறது.

வெளியிலிருந்து வந்தவர் என்ற குறை எடுபடாது என்பேன். பாட்ரிக்கும் அயர்லாந்தில் பிறந்தவர் இல்லை, பிரிட்டனிலிருந்து கடத்திக்கொண்டு போகப்பட்ட அடிமை. தவிர ஜார்ஜ் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமானவரும் இல்லை. ஜார்ஜியா நாடு நவம்பர் 23ஐ அவருக்காகப் பொது விடுமுறையாக வைத்திருக்கிறது, பாலஸ்தீனத்தில் முஸ்லிம்களும் அவரைத் தங்கள் மரபின் புனிதரான அல்-கித்ரோடு சேர்த்து மதிக்கிறார்கள்.

விடுமுறை விட்டால் விழா வந்துவிடுமா? 2017இல் தொழிற்கட்சி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கின் பாதுகாவலர் நாட்களையும் பிரிட்டன் முழுவதற்கும் விடுமுறையாக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்துத் தேர்தலில் தோற்றது. ஸ்காட்லாந்து 2007இல் தன் பாதுகாவலர் ஆண்ட்ரூவின் நாளுக்குச் சட்டமே போட்டது, ஆனால் அதன்படி வங்கிகள் மூட வேண்டிய கட்டாயமும் இல்லை, முதலாளி லீவு தர வேண்டிய கட்டாயமும் இல்லை. இதற்கு ஒரு சட்டம்! அயர்லாந்தில் பாட்ரிக் நாள் 1903 முதல் விடுமுறை. இன்று உலகமே அதைக் குடிக்கிற நாள் என்று நினைக்கிறது. 1920களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அந்த நாளில் அங்கே மதுக்கடைகளையே பூட்டி வைத்திருந்தார்கள். டப்ளினின் இப்போதைய பிரம்மாண்டத் திருவிழா 1996இல்தான் தொடங்கியது. 2023இல் அயர்லாந்தின் இன்னொரு பாதுகாவலரான பிரிஜித் அம்மையாருக்கும் ஒரு விடுமுறை சேர்த்தார்கள், பிப்ரவரியின் முதல் திங்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறந்துபோன ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தார்கள்.

ஆனால் என் ஓட்டு பார்சிலோனாவுக்கு. அந்த நகரம் இருக்கும், ஸ்பெயினின் கட்டலோனியாவுக்குப் பாதுகாவலரும் இதே ஜார்ஜ்தான், அவர்கள் வாயில் சாந் ஜோர்டி. ஏப்ரல் 23 அங்கே விடுமுறை இல்லை, வேலை நாள். ஆபீஸ் போகிற வழியில், மதிய இடைவேளையில், வேலை முடிந்து என்று ஜனங்கள் தெருவில் இறங்குகிறார்கள். ராம்ப்ளா வீதி நெடுக மேசை போட்டுப் புத்தகம், பக்கத்தில் வாளியில் ரோஜா. ரோஜாவோடு ஒரு கோதுமைக் கதிரையும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். ரோஜா கொடுப்பது பழைய வழக்கம். புத்தகம் பின்னால் வந்தது: 1926இல் அக்டோபரில் தொடங்கிய புத்தக நாளை 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள், ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் நினைவு நாள் அது என்பதால். 1995இல் யுனெஸ்கோ அந்தத் தேதியை உலகப் புத்தக நாளாக அறிவித்தது. நாம் ஏப்ரல் 23 அன்று தள்ளுபடியில் வாங்கிக் கட்டிவரும் புத்தகக் கட்டுக்குள் ஜார்ஜும் ஒரு ஓரமாக இருக்கிறார்.

எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கோவில் சார்ந்த செய்தி என்றால் 'இங்கிலாந்தின் பாதுகாவலர் புனித ஜார்ஜியார் பெருவிழா', தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொடி, அணிவகுப்பு, மதுக்கடைச் செய்தி என்றால் 'ஜார்ஜ் நாள்' போதும்.