நாராவின் சிறுமி யாரைக் கேலி செய்கிறாள்?

"விளையாட்டுத்தனமான கேலிச்சித்திர உருவப்படங்கள்." ஜப்பானிய ஓவியர் யோஷிதோமோ நாராவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்தத் தொடரை ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஏலத்தில் அவர் ஓவியம் விலைபோன செய்தியிலும் இதுதான், கண்காட்சிக் குறிப்பிலும் இதுதான். முதல் சொல் தவறு. இரண்டாவது பெருந்தவறு. உருவப்படம் என்பதை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிடலாம்.

இங்கே 'கேலிச்சித்திரம்' என்று ஆகியிருப்பது ஆங்கிலத்தின் 'கார்ட்டூன்'. முதலில் அதன் வேர்ச்சொல்லை முடித்துவிடுவோம். இத்தாலியத்தில் 'கார்த்தா' என்றால் காகிதம், 'கார்த்தோனே' என்றால் தடித்த காகிதம். சுவரிலோ திரைச்சீலையிலோ வரவேண்டிய ஓவியத்தை அதே அளவில் முன்கூட்டியே வரைந்துகொள்ளும் தாளுக்கு அந்தப் பெயர் ஆகிவந்தது. இத்தாலிய ஓவியர் ரஃபேல் சிஸ்டைன் தேவாலயத் திரைச்சீலைகளுக்கு வரைந்தவற்றில் ஏழு இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 1834இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எரிந்து புதிதாகக் கட்டப்பட்டபோது, சுவரோவியங்களுக்கான இந்த முன்வரைவுகளை 1843இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 'பஞ்ச்' பத்திரிகை அதை நையாண்டி செய்து, தன் கிண்டல் படங்களுக்கும் 'கார்ட்டூன்' என்றே பெயர் வைத்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பத்திரிகைத் தொடர்படம், அதன்பின் திரையில் ஓடும் எலியும் பூனையும். ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள்.

கேலிச்சித்திரம் என்ற சொல்லுக்கு உண்மையில் நேரான 'கேரிகேச்சர்' வேறு சாதி. இத்தாலியத்தின் 'கரிகாரே', சுமையேற்றுதல் என்பதிலிருந்து வந்தது. மூக்கு நீளமாக இருந்தால் அதன்மேல் இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றுவது. 1600ஐ ஒட்டி வாழ்ந்த இத்தாலிய ஓவியர் அன்னிபாலே கராச்சி இதில் கைதேர்ந்தவர்.

தமிழில் இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி அரசியல் படங்களை வெளியிட்டார். அது கருத்துப்படம். ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்கள் கேலிச்சித்திரம். கோட்டைப் பார்த்ததும் இன்னார் என்று தெரிந்துவிடும், சம்பந்தப்பட்டவரே பார்த்துச் சிரித்திருக்கவும் கூடும். இரண்டு சொல்லும் நல்ல சொல், தத்தம் இடத்தில். சிக்கல் எங்கே என்றால், 'கார்ட்டூன்' என்று எங்கே கண்டாலும் அகராதியில் முதலில் கிடைப்பதைத் தூக்கி ஒட்டிவிடுகிறார்கள். லியனார்டோ கரித்துண்டால் வரைந்த, மடியில் குழந்தை இயேசுவோடு மரியாள் இருக்கும் அந்த முன்வரைவை 'லியனார்டோவின் கேலிச்சித்திரம்' என்று மொழிபெயர்த்திருந்த ஒரு கட்டுரையை நான் படித்திருக்கிறேன். திருத்துநர் என்று ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

நாராவுக்கு வருவோம். கேலி நடக்க மூன்று பேர் வேண்டும்: செய்கிறவர், பார்த்துச் சிரிக்கிறவர், மாட்டிக்கொண்டவர். நாராவின் ஓவியத்தில் அந்த மூன்றாம் ஆள் எங்கே? பெரிய தலை, அகன்ற கண்கள், சின்ன உடம்பு, பின்னணியில் அநேகமாக எதுவுமில்லை. ஒரு சிறுமி நம்மை முறைக்கிறாள். அவள் எந்த அமைச்சரும் இல்லை, நடிகையும் இல்லை. யாருடைய மூக்கையும் அவர் இழுத்துப் பெரிதாக்கவில்லை. சொல்லப்போனால் மூக்கே இரண்டு புள்ளிதான். கேலிச்சித்திரம் என்று அச்சிட்டதும் வாசகர் என்ன செய்வார்? இது யாரைக் குறிக்கிறது, எந்தச் செய்திக்கு வரைந்தது என்று தேடுவார். கிடைக்காது. 'எனக்குப் புரியவில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். பழி ஓவியர்மேல் விழும்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்று தெரிந்தால் கேலி என்ற பேச்சே எழாது. நாரா 1959இல் அவோமோரி மாகாணத்து ஹிரோசாகியில் பிறந்தவர். வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளி விட்டு வந்தால் ஆளில்லாத வீடு. அருகிலிருந்த அமெரிக்கப் படைத்தளத்தின் வானொலியில் ஆங்கிலப் பாட்டு வரும், வார்த்தை புரியாது. இசைத்தட்டு உறையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். 1988இல் ஜெர்மனி போய் டுசெல்டார்ஃப் கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அங்கேயும் மொழி தெரியாத தனிமை. கெட்டியான கோடும், வெட்டவெளியில் ஒற்றையாய் நிற்கும் உருவமும் அந்த ஆண்டுகளில்தான் உருப்பெற்றன. 1991இல் வரைந்த ஒன்றில் சிறுமி கையில் கத்தி. ஏன் கத்தி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: அது பொம்மை அளவுக் கத்தி, அதை வைத்து அவளால் சண்டை போட முடியுமா? அவளைச் சுற்றி நிற்கும் பெரியவர்களிடம் இதைவிடப் பெரிய கத்திகள் இருக்கின்றன.

மக்களுக்கு இவை ஏன் பிடிக்கின்றன என்பதும் இதில்தான் இருக்கிறது. முதல் பார்வையில் 'அட, பாப்பா' என்று கிட்டே போகிறோம். போனபின் அவள் நம்மை எடைபோடுவது தெரிகிறது. பிற்கால ஓவியங்களில் அந்தக் கண்களை அடுக்கடுக்காக வண்ணம் பூசித் தீட்டியிருக்கிறார். தூரத்தில் தட்டையாகத் தெரிந்தது அருகில் ஆழமாகிவிடும். சின்ன வயதில் அநியாயமாகத் திட்டு வாங்கி மூலையில் நின்ற யாரும் அந்த முறைப்பை அடையாளம் கண்டுகொள்வார்கள். கேலிச்சித்திரம் நம்மை அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கவைக்கும். இங்கே பார்வை நம் பக்கம் திரும்பிவிடுகிறது.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். 2012இல் ஜப்பானில் அணு உலைகளுக்கு எதிராகத் திரண்டவர்கள், 'அணுவேண்டாம்' என்ற பதாகையைப் பிடித்திருக்கும் நாராவின் சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தெருவில் அந்தப் படம் கருத்துப்படம்தான், மறுக்கவில்லை. அப்போதும் கேலிச்சித்திரம் ஆகவில்லை.

சரி, மாற்றுச் சொல்? 'மங்கா ஓவியம்' என்பவர்கள் ஜப்பான் என்றாலே மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, என்று முடிவு கட்டியவர்கள். மங்கா கதை சொல்லும், நாரா சொல்வதில்லை. அந்தப் பெட்டிக்குள் தன்னை அடைப்பதில் அவருக்கும் உடன்பாடில்லை. 'நகைச்சித்திரம்' வேண்டாம், சிரிப்பு வரவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் 'பாவையோவியம்' என்பார்கள். ஆசை காட்டும் சொல். பாவை என்றால் பொம்மை, பெண், கண்ணின் கருமணி, மூன்றும். கண்ணே முக்காலாக இருக்கும் இந்தச் சிறுமிகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் இன்று பாவை என்றதும் மார்கழியும் ஆண்டாளும்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள், இல்லையென்றால் பழைய திரைப்பாடலின் கதாநாயகி. கட்டுரைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளட்டும், கலைச்சொல்லாக ஓடாது.

நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கேட்பது என்ன? 'பொம்மைப் படம் போடு.' பாட்டிக்கும் அதே சொல். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமல் தமிழன் தானே ஆக்கிக்கொண்டது, அதில் துளியும் கேலி இல்லை. ஆகவே 'பொம்மைப்பாணி உருவங்கள்' என்பது என் கட்சி. பொம்மை தெலுங்குச் சரக்கு, 'பொம்ம' என்பதன் திரிபு என்று ஒருவர் கிளம்புவார். இருக்கட்டுமே. கொலு வைக்கிற வீட்டில் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

முதல் சொல்லையும் விடக்கூடாது. 'விளையாட்டுத்தனம்' தமிழில் பாராட்டு அல்ல, வசை. பரீட்சைக்குப் படிக்காத பையனைத் திட்டும் சொல். 'விளையாட்டுத்தனமான ஓவியர்' என்றால் பொறுப்பில்லாதவர் என்று பொருளாகும். தேவையான சொல் குறும்பு. இதில் கூடுதலாக ஒரு லாபம் இருக்கிறது. பழந்தமிழில் குறும்பு என்றால் அடங்காத சிற்றரசர், அவர் அரண். நல்ல நாட்டில் 'வேந்தலைக்கும் கொல்குறும்பு' இருக்கக்கூடாது என்கிறது குறள். கையளவு ஆள், அரசனையே தொல்லைப்படுத்தும் ஆள். கத்தியோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எங்கே போய்த் தேடப்போகிறார்கள்? 'குறும்பு மிகுந்த பொம்மைப்பாணி உருவங்கள்' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

தலைப்புகளிலும் இதே அலங்கோலம். 2019 அக்டோபரில் ஹாங்காங்கில் சோதபிஸ் ஏலத்தில் 19.57 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனதே, 2000இல் வரைந்த அந்த ஓவியம், அதை 'முதுகுக்குப் பின்னால் கத்தி' என்று எழுதுகிறார்கள். தமிழில் படித்தால் யாரோ அந்தச் சிறுமியைப் பின்னாலிருந்து குத்த வருகிறார் என்றுதான் தோன்றும். சிவப்புச் சட்டைக்காரியின் ஒரு கை முதுகுப் பக்கம் போயிருக்கிறது, கத்தி ஓவியத்தில் எங்குமே தெரியாது. தெரிவது தலைப்பில் மட்டும்தான். அதனால் அதைப் பிசகாமல் சொல்ல வேண்டும். 'முதுகுப்புறம் மறைத்த கத்தி' என்றால் கத்தி யார் கையில் என்ற குழப்பம் வராது.