தெருவின் மேல் துருத்தி நிற்கும் மாடி

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், பாத் நகருக்குத் தெற்கே உள்ள நார்ட்டன் செயின்ட் பிலிப் என்னும் சிற்றூரின் ஜார்ஜ் விடுதியைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு, அது முன்பக்கமாகச் சரிந்துவிடுமோ என்ற ஐயம் எழக்கூடும். கல்லால் ஆன தரைத்தளத்தின் மேல், மரச்சட்டங்களால் கட்டப்பட்ட இரண்டு மாடிகள், ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ளதைவிடச் சற்று முன்னே துருத்தி நிற்கின்றன. அருகிலிருந்த ஹின்டன் மடத்தின் கார்த்தூசியர் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவிகளுக்கு உரிய இவ்விடுதி, கம்பளிச் சந்தைக்கு வரும் வணிகர்கள் தங்கவும் அவர்களது சரக்கை மேல்தளத்தில் சேமிக்கவும் பயன்பட்டது. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்ட பின்பும் விடுதி நீடித்தது.

இடத்தை மிச்சப்படுத்தவே மாடியைத் துருத்திக் கட்டினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நெருக்கமான நகரங்களுக்கு அது பொருந்தலாம்; நிலத்துக்குப் பஞ்சமில்லாத சிற்றூருக்கு அது மட்டுமே போதாது. செல்வத்தைக் காட்டும் ஆசையும் இதில் உண்டு என்றாலும், சுமையின் கணக்கே இங்கு சுவையானது. தோளில் வைத்த காவடித் தண்டின் இரு முனைகளிலும் பாரம் ஏறும்போது முனைகள் தாழ்ந்து நடுப்பகுதி மேல்நோக்கி வளைவதைப் போல, தாங்கும் சுவரைத் தாண்டி நீளும் தரைச்சட்டத்தின் முனையில் மேல்மாடிச் சுவரின் எடை அமரும்போது, சுவருக்கு உட்புறம் அறையின் நடுவே அச்சட்டம் தொய்வது குறைகிறது.

அக்காலத் தச்சர்களுக்கு இந்த உதவி தேவைப்பட்டது. செவ்வகச் சட்டங்களின் அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைப்பதே இடைக்கால வழக்கம். சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும், உயரத்தின் கனத்துக்கு (உயரம் × உயரம் × உயரம்) ஏற்பவும் கூடுவதால், 8 அங்குலத்துக்கு 6 அங்குலம் கொண்ட சட்டத்தை நிமிர்த்தி வைத்திருந்தால் அது ஏறத்தாழ 1.8 மடங்கு விறைப்பாக இருந்திருக்கும். நிமிர்ந்த சட்டம் ஏன் வலியது என்பதைக் கலிலியோ 1638இல்தான் எழுத்தில் ஆராய்ந்தார்.

ஓக் மரம் காய்ந்தால் இரும்பைப்போல் இறுகிவிடும் என்பதால், அதைப் பச்சையாகவே அறுத்துச் செதுக்கினார்கள். ஒரு சட்டத்தின் கழுந்தை, அதாவது முனையில் நாக்குப்போல் செதுக்கிய பகுதியை, மற்றொன்றின் துளைக்குள் செலுத்தி, இரண்டையும் பிணைக்க மரமுளை அடித்தார்கள். இரண்டிலும் முளைக்கான ஓட்டைகளை ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் சற்றே விலகியிருக்கும்படி இட்டதால், அடிக்க அடிக்க முளை கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கியது. மரம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து சுருங்கியபோது சட்டங்கள் முறுகி வளைந்தன; பழைய விடுதிகளின் தரை சரிவதற்கும் கதவுச்சட்டம் கோணுவதற்கும் இதுவும் ஒரு காரணம். மன்னருக்கு எதிராகப் படைதிரட்டிய மான்மத் கோமகன் 1685 ஜூனில் ஜார்ஜ் விடுதியில் தங்கியபோதே, அந்தக் கோணல்களில் பல வெகு பழையவை ஆகியிருக்க வேண்டும்.