உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தாதீர்கள்

போன மே மாதம் ஒருவர் தம் மகனுடைய ரிமோட் ரேஸ் காரின் பேட்டரியை எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டு என் பட்டறைக்கு எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் நகப்பூச்சு போல ஒரு வாடை மூக்கில் ஏறியது. பேட்டரி குட்டித் தலையணையாக உப்பியிருந்தது. அதன் நடுவில் ஒரு துண்டு செலோடேப். "உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இணையத்தில் ஒரு வீடியோவில் பார்த்தோம். தையல் ஊசியால் ஒரு குத்துக் குத்தி டேப் ஒட்டிவிட்டோம்" என்றார். டப்பாவை அப்படியே வாங்கிக்கொண்டுபோய் வாசலில் இருக்கும் மணல் வாளிக்குள் பேட்டரியை இறக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ரிமோட் கார்களைப் பழுது பார்ப்பது 12 ஆண்டுகளாக என் தொழில். பல் உடைந்த கியர், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர், வளைந்த அச்சு எல்லாம் தினமும் வரும். அவற்றால் யாருக்கும் ஆபத்தில்லை. லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரிதான் என்னை எழுத வைக்கிறது.

மொபைல் போனை இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிப் பழகியவர்கள் நாம். போன் பேட்டரியோடு ஒரு சிறிய பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறது. மின்னழுத்தம் எல்லை மீறினால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். ரேஸ் காரின் பேட்டரி பேக்கில், அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பில், பொதுவாக அந்தச் சர்க்யூட் கிடையாது. விசையை அழுத்தும் கணத்தில் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். வழியில் எந்தத் தடையும் வேண்டாம் என்பதற்காகவே செல்களை நேரடியாக வயரில் இணைத்திருப்பார்கள். ஆகவே அந்தச் சர்க்யூட் செய்ய வேண்டிய வேலையை, காரை வைத்திருப்பவர்தான் செய்தாக வேண்டும். பொம்மைக் கடையில் வாங்கிய காரிலிருந்து முதன்முதலாக ரேஸ் காருக்கு மாறுபவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அந்தப் பேட்டரியின் கதையைக் கேட்டு வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டி முடித்த பையன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றாமல் காரை அலமாரியில் வைத்திருக்கிறான். சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஸ்பீடு கன்ட்ரோலர் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். லிப்போவின் ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. அடுத்த ஞாயிறு பார்த்தபோது மிகவும் இறங்கிவிட்டதால் சார்ஜர் ஏற்க மறுத்திருக்கிறது. அந்த மறுப்பு சரியான மறுப்பு.

இங்கேதான் ஒரு நண்பர், சார்ஜரில் பழைய நிக்கல் பேட்டரிகளுக்கென்று இருக்கும் தேர்வை வைத்து ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: "நிக்கல் மோடில் பத்து நிமிடம் போடு, உயிர் வந்துவிடும்." இந்த யோசனையை நான் வெறுக்கிறேன். ஆழமாக வடிந்த செல்லுக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். உயிர் வந்தது போலத் தெரியும் பேட்டரிதான் இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பின் உப்புகிறது.

நிக்கல் மோடின் ஆபத்து இதோடு முடியவில்லை. பழைய நிக்கல் பேக்கில் 6 செல்கள், 7.2 வோல்ட். லிப்போவில் 2 செல்கள், 7.4 வோல்ட். எண்கள் ஒன்றுபோல இருக்கின்றன, சில பேக்குகளில் கனெக்டரும் ஒன்றே. நிக்கல் பேட்டரி நிறைந்ததும் அதன் மின்னழுத்தம் லேசாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் பழைய சார்ஜர் நிற்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. 8.4 வோல்ட்டைத் தாண்டியும் சார்ஜர் ஏற்றிக்கொண்டே போகும். எரிந்த நிலையில் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படி எரிந்தவைதான்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் மின்முனைத் தகடுகளைப் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். சுற்றிலும் இருப்பது எளிதில் தீப்பற்றும் கரைப்பான். ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தால் அந்த வீட்டுக் கூடத்திலேயே பற்றியிருக்கும். உப்பல் என்பது உள்ளே ஏற்பட்ட சிதைவில் பிறந்த வாயு. அதை வெளியேற்றினாலும் சிதைவு அப்படியே இருக்கும். கூடவே ஈரக்காற்றும் உள்ளே புகும்.

சார்ஜ் ஏற்றும்போது பேலன்ஸ் வயரையும் கட்டாயம் செருகுங்கள். இரண்டு செல் பேக்கில் அது மூன்று இழை வெள்ளைக் கனெக்டர். மொத்தம் 8.4 என்று சார்ஜர் காட்டும்போது ஒரு செல் 4.05, மற்றது 4.35 என்றும் இருக்கலாம். அந்த வயர் இல்லாமல் சார்ஜருக்கு அது தெரியாது. 5000 மில்லி ஆம்பியர் மணி பேக்குக்கு 5 ஆம்பியர், 2200க்கு 2.2 என்ற அளவைத் தாண்ட வேண்டாம். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள்.

மழையால் ரேஸ் தள்ளிப்போனால் முழுச் சார்ஜோடு பேக்கை வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. சார்ஜரில் ஸ்டோரேஜ் என்றொரு தேர்வு இருக்கும். அது செல்லை 3.8 வோல்ட் அளவில் நிறுத்தும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கார் டிக்கிக்குள் பேட்டரியை விட்டுவிட்டு வருபவர்களை நான் திட்டியே அனுப்பியிருக்கிறேன்.

நான் சார்ஜ் ஏற்றுவது டைல்ஸ் தரையில் வைத்த மண் பூந்தொட்டிக்குள். பக்கத்தில் மணல் வாளி. மூடி போட்டு இறுக்குவதில்லை, வாயு வெளியேற வழி வேண்டும். ஏறி முடியும் வரை அந்த அறையை விட்டு நகர்வதில்லை. புகை வந்தால் அதைச் சுவாசிக்காதீர்கள், அது நச்சு. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

கெட்டுப்போன பேக்கை வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியாகப் பிரித்துத் தருவது பயன்படுத்துபவரின் பொறுப்பு. மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

போன மாதம் அந்தப் பையன் புதுப் பேக்கோடு வந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இரண்டு செல்களின் அளவையும் எழுதியிருக்கிறான். கடைசி வரியில் 3.81, 3.82, பக்கத்தில் 'வயர் கழற்றியாயிற்று' என்று ஒரு டிக்.